80 டாலருக்குப் பழைய கேஸ் கிரில்: வாங்கிச் சரிசெய்யலாமா?

நியூ ஜெர்சியில் புது வீட்டுக்குக் குடிவந்திருக்கிறீர்கள். பின்னால் சின்னதாக ஒரு டெக் இருக்கிறது, கோடை நெருங்குகிறது. நாலு தெரு தள்ளி ஒருவர் வெபர் கம்பெனியின் ஜெனிசிஸ் சில்வர் பி என்ற பழைய கேஸ் கிரில்லை, அதாவது வெளியில் வைத்து இறைச்சி, மீன் சுடும் கேஸ் அடுப்பை, 80 டாலருக்கு விற்கிறார். 2003 வாக்கில் வாங்கியதாம். படத்தில் உள்ளே ஒரே கரி, கம்பித்தட்டு முழுக்கத் துரு, பர்னர் ஒன்றில் ஓட்டை. கடையில் புதிய மூன்று பர்னர் வெபர் 550 டாலர் சொல்கிறார்கள். பளபளவென்று வேறொரு நாலு பர்னர் கிரில் 250-க்கே கிடைக்கிறது. இந்தப் பழசை வாங்கிச் சரிசெய்வதில் அர்த்தம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போய்ப் பாருங்கள் என்பதுதான் என் பதில். நீங்கள் குறையாகச் சொன்ன மூன்றும், அதாவது கரி, துருப்பிடித்த கம்பித்தட்டு, ஓட்டை பர்னர், என் கணக்கில் குறையே இல்லை. கரியைச் சுரண்டிவிடலாம், மற்ற இரண்டையும் வாங்கி மாட்டிவிடலாம். ஆனால் நீங்கள் எழுதாத சில இடங்கள் இருக்கின்றன. விற்பவர் போட்ட படத்திலும் அவை தெரிந்திருக்காது. வாங்குவதா வேண்டாமா என்பதை அந்த இடங்கள்தான் முடிவு செய்யும்.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். அமெரிக்கா வந்த இரண்டாம் வருடம், வீடு மாற்றிப் போகிற ஒருவரிடம் 60 டாலருக்கு ஒரு நாலு பர்னர் கிரில் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். மூடி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், முகம் பார்க்கலாம் போல இருந்தது. உள்ளே பர்னர்கள் மட்டும் போயிருந்தன. புது பர்னர், அதற்கு மேலே போடும் தகடுகள், எல்லாம் சேர்த்து 130 டாலர் செலவழித்து மாட்டினேன். ஒரு கோடை நன்றாக ஓடியது. அடுத்த ஏப்ரலில் மூடியைத் திறந்தால், பர்னர்களின் பின்முனையைத் தாங்கி நிற்க வேண்டிய தகடு துருப்பிடித்து உதிர்ந்து, இரண்டு பர்னர்கள் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தன. புது பர்னர்தான், ஆனால் அதை உட்காரவைக்க இடம் இல்லை. அந்தத் தகடு இருக்கும் அடிப்பெட்டி தனியாக எங்கேயும் கிடைக்கவில்லை. 190 டாலரும் பழைய இரும்புக்காரரிடம் போனது.

அதிலிருந்து ஒரு கிரில்லைப் பார்க்கப் போனால், அதை இரண்டு பங்காக மனதில் பிரித்துக்கொள்வேன். பர்னர், கம்பித்தட்டு, பர்னருக்கு மேல் கிடக்கும் தகடுகள், பற்றவைக்கும் இக்னைட்டர், ஹோஸ், ரெகுலேட்டர், தீயைக் கூட்டிக் குறைக்கத் திருப்பும் நாப், வெப்பமானி, சக்கரம் ஆகியவை எல்லாம் தேய்ந்து போகிற சாமான்கள். புது கிரில்லிலும் சில வருடத்தில் இவற்றை மாற்றத்தான் வேண்டும். அடிப்பெட்டி, மூடி, ஃபிரேம், நாப்களுக்குப் பின்னால் இருக்கும் வால்வ் தொகுதி என்ற நாலும் இன்னொரு பங்கு. இந்த நாலில் ஒன்று போயிருந்தாலும் நான் வாங்க மாட்டேன், சும்மா கொடுத்தாலும் எடுக்க மாட்டேன்.

நீங்கள் பார்த்திருக்கும் மாடலை நான் ஆதரிப்பதற்குக் காரணமும் இதுதான். ஜெனிசிஸ் வரிசை 1985-ல் வந்தது. அதற்கு முன்னால் கேஸ் கிரில் என்றால் பர்னருக்கு மேலே எரிமலைக் கற்களைப் பரப்பியிருப்பார்கள். இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பு அந்தக் கற்களில் ஊறி, ஒருநாள் குபீரென்று பிடித்துக்கொள்ளும். வெபர் கற்களை எடுத்துவிட்டு, கூரை ஓடு மாதிரி கவிழ்த்துப் போட்ட தகடுகளை வைத்தது. ஃப்ளேவரைசர் பார் என்று அதற்குப் பெயர். கொழுப்பு அதில் விழுந்து பாதி ஆவியாகி மணம் கொடுக்கும், மீதி வழிந்து கீழே போய்விடும். அதைவிட நமக்கு முக்கியமானது, அடிப்பெட்டி அலுமினிய வார்ப்பு. அலுமினியம் இரும்பு மாதிரி துருப்பிடித்து உதிராது. மூடி இரும்புதான், ஆனால் மேலே பீங்கான் பூச்சு, நம் எனாமல் பாத்திரம் மாதிரி. இருபது குளிர்காலம் பனியில் நின்ற பெட்டியைக்கூட நான் கழுவி எடுத்திருக்கிறேன், தடிமன் அப்படியே இருந்தது.

இன்னொன்று, இது லட்சக்கணக்கான வீடுகளில் இருந்த மாடல். அதனால் உதிரி சாமான்களை இன்றும் வெபரும் விற்கிறது, வெளிக் கம்பெனிகளும் விற்கின்றன. வாங்கும்போது அளவு பார்த்து வாங்க வேண்டும். சில்வர் பி-க்குத் தகடு 22.5 அங்குலம், ஐந்து எண்ணம். சில்வர் ஏ என்று இரண்டு பர்னர் மாடல் ஒன்று உண்டு. அதன் தகடு 21.5 அங்குலம். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் மாற்றி வாங்கிவிடுவார்கள். அங்குல டேப்பை எடுத்து உள்ளே கிடக்கும் பழைய தகட்டை அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

சரி, பார்க்கப் போகும்போது கையோடு எடுத்துப்போக வேண்டியவை: டார்ச், நீளமான ஸ்க்ரூடிரைவர், ஒரு சின்னக் காந்தம், ஸ்ப்ரே பாட்டிலில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீர், பழைய கையுறை. முடிந்தால் கேஸ் உள்ள உங்கள் சொந்த ப்ரொபேன் டேங்க். "டேங்க் காலி, ஆனால் கிரில் நன்றாக எரியும்" என்று நிறைய பேர் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைப்பதில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் எரிந்தது அவர்களுக்கு நேற்று எரிந்தது மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

போனதும் மூடியைத் திறக்க வேண்டாம். முதலில் குனிந்து ஃபிரேமின் அடிக்குழாயைப் பாருங்கள். அந்தக் காலத்து ஜெனிசிஸின் பலவீனம் அங்கேதான். அலுமினியப் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. அதைத் தாங்கும் ஃபிரேம் பெயின்ட் அடித்த இரும்புக் குழாய். மழைத் தண்ணீர் குழாய்க்குள் இறங்கி, கீழே சக்கரம் சொருகும் முனையில் தேங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பெயின்ட் லேசாகப் பொங்கினாற்போல், அம்மைக் கொப்புளம் மாதிரி இருக்கும். அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்துக் கட்டைவிரல் பலத்தில் அழுத்துங்கள். டொக் என்று நின்றால் இரும்பு இருக்கிறது. அப்பளத்தில் குத்தியதுபோல நொறுங்கி உள்ளே இறங்கினால் குழாய் முடிந்துவிட்டது. நாலு காலிலும், கீழே குறுக்கே ஓடும் குழாயிலும், அடிப்பெட்டி உட்காரும் இடத்திலும் இதைச் செய்யுங்கள். விற்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்வது மரியாதை. வெல்டிங் தெரிந்தவர்கள் இப்படிப்பட்ட ஃபிரேமையும் ஒட்டுப்போட்டு எடுத்துவிடுகிறார்கள். உங்களுக்கு இது முதல் கிரில், அதனால் அந்த வேலைக்குப் போகாதீர்கள்.

பிறகு நின்றுகொண்டு மூடியின் மேல் கை வைத்து, பக்கவாட்டில் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் இருந்தால் ஸ்க்ரூ இறுக்கினால் போய்விடும். முழு கிரில்லும் சாய்சதுரமாகக் கோணினால் எங்கோ குழாய் விட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது மூடி. திறந்ததும் உள்பக்கத்தில் கறுப்பாக ஏதோ செதில் செதிலாக உரிந்து தொங்கும். பெயின்ட் உரிகிறது, சாப்பாட்டில் விழுந்துவிடும் என்று பயந்து நல்ல கிரில்லை விட்டுவிட்டு வந்த நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். வெபர் மூடியின் உள்ளே பெயின்டே கிடையாது. அது வருடக்கணக்காகப் படிந்து கரியாகிப்போன கொழுப்புப் புகை. நியூஸ்பேப்பரைக் கசக்கித் தேய்த்தால் உதிரும். மூடியின் வெளியே பீங்கான் பூச்சு ஒரு காசு அளவுக்குச் சில்லு போயிருந்தால் பரவாயில்லை. பெரிய பட்டையாக உடைந்து உள்ளே இரும்பு துருப்பிடித்திருந்தால் விலையைக் குறையுங்கள்.

இப்போது கம்பித்தட்டு, தகடுகள் எல்லாவற்றையும் தூக்கி வெளியே வைத்துவிட்டு அடிப்பெட்டிக்குள் டார்ச் அடியுங்கள். அலுமினியத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி பூத்திருக்கலாம், அது மேலோட்டமான அரிப்பு. பர்னர் குழாய் நுழையும் ஓட்டைகளின் விளிம்பையும் போல்ட் ஏறும் இடங்களையும் மட்டும் உற்றுப் பாருங்கள். விரிசல் இருந்தாலோ, ஓட்டை பெரிதாக அரித்துப் போயிருந்தாலோ வேண்டாம். வேறு மாடல்களைப் பார்க்கப் போகும்போது காந்தம் உதவும். துருவை நன்றாகத் தாங்கும் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் ஒட்டாது அல்லது மிக லேசாகத்தான் இழுக்கும். மலிவான 430 வகையில் கப்பென்று ஒட்டும். இரண்டும் கடையில் ஒரே மாதிரிதான் மின்னும். அந்த 250 டாலர் கிரில்லுக்கும் காந்தத்தை எடுத்துப்போய்ப் பாருங்கள்.

நாலாவது வால்வ். ஒவ்வொரு நாபையும் அழுத்தித் திருப்பிப் பாருங்கள். கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் பரவாயில்லை. திரும்பவே மாட்டேன் என்று அடம்பிடித்தாலோ, பிளையர் போட்டுத் திருப்பிய காயம் அந்தத் தண்டில் தெரிந்தாலோ எனக்குச் சந்தேகம் வந்துவிடும். வால்வைத் தனியாகப் பிரித்து கிரீஸ் வைத்துச் சரிசெய்பவர்கள் இருக்கிறார்கள். கேஸ் அடைத்து நிறுத்தும் பாகத்தில் முதன்முதலாகக் கைவைப்பவர் இதை முயற்சி செய்வதை நான் விரும்பவில்லை.

இந்த நாலும் தேறினால், எரியவிட்டுப் பாருங்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: இது ப்ரொபேன் மாடலா, நேச்சுரல் கேஸ் மாடலா? நம் பக்கத்தில் வீட்டுக் குழாய் கேஸில் ஓடும் கிரில்களும் நிறைய விற்பனைக்கு வருகின்றன. கிரில்லில் ஒட்டியிருக்கும் உலோக லேபிளில் எழுதியிருக்கும். இரண்டுக்கும் வால்வ் முனையில் இருக்கும் துளை அளவு வேறு. நேச்சுரல் கேஸ் துளை பெரியது, ஏனென்றால் குழாய் கேஸின் அழுத்தமும் குறைவு, அதே அளவு கேஸில் இருக்கும் வெப்பமும் குறைவு. அந்தப் பெரிய துளையில் ப்ரொபேனை விட்டால் தீ கட்டுக்கடங்காது. ஹோஸை மட்டும் மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெபர் தன் கிரில்களை ஒரு கேஸிலிருந்து இன்னொரு கேஸுக்கு மாற்றுவதை அனுமதிப்பதில்லை. உங்கள் வீட்டு டெக்கில் குழாய் இணைப்பு இல்லையென்றால் ப்ரொபேன் மாடலை மட்டும் பாருங்கள்.

டேங்கை மாட்டி, எல்லா நாபும் மூடியிருக்கும்போது டேங்க் வால்வை மெதுவாகத் திறந்து, சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். ஊரில் சிலிண்டர் போடவரும் அண்ணன் வாஷரை மாற்றிவிட்டு நுரையைத் தடவிப் பார்ப்பாரே, அதே வேலை. டேங்க் வால்வ், ரெகுலேட்டர் இணைப்பு, ஹோஸ் முழு நீளம், ஹோஸ் போய்ச் சேரும் இடம், ஒவ்வொரு நாபின் பின்புறம் என்று வரிசையாகத் தெளித்து டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். குமிழி பெருகிக்கொண்டே போனால் கசிவு. ஹோஸில் கசிந்தால் கவலை இல்லை, அதை எப்படியும் மாற்றப்போகிறோம். வால்வில் கசிந்தால் டேங்கை மூடிவிட்டு, விற்பவரிடமும் சொல்லிவிட்டு வாருங்கள். அவர் வீட்டில் அதை இன்னொரு தடவை யாரும் பற்றவைக்கக் கூடாது.

பற்றவைக்கும்போது மூடி கட்டாயம் திறந்திருக்க வேண்டும். ப்ரொபேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், மூடிய பெட்டிக்குள் அடியில் தேங்கி நிற்கும். சில்வர் பி-யில் நாப்கள் வலது பக்க மேசையில் இருக்கும், பர்னர்கள் இடமிருந்து வலமாக ஓடும். 2011-லிருந்து வந்த ஜெனிசிஸில்தான் நாப்கள் முன்பக்கம் வந்தன. பழைய அமைப்பில் பொறி முன் பர்னருக்கு மட்டும்தான் உண்டு. அது பிடித்த பிறகு, குறுக்கே இருக்கும் இணைப்புக் குழாய் வழியாகத் தீ தாவித்தான் நடுவும் பின்னும் எரியும். முன்னது நன்றாக எரிந்து, நடுவில் உள்ளது பிடிக்கவில்லை என்றால், அந்த இணைப்புக் குழாய் அடைத்திருக்கும் அல்லது அரித்திருக்கும். அது பர்னர் செட்டோடு சேர்ந்தே வரும்.

தீ நீலமாக, நுனியில் லேசான மஞ்சளோடு இருந்தால் சரியாக இருக்கிறது. முழுக்க மஞ்சளாக, சோம்பலாக ஆடினால் பர்னர் குழாய்க்குள் ஏதோ அடைப்பு. மூன்றும் பெரிய தீயில், மூடி போட்டு, பத்து முதல் பதினைந்து நிமிடத்தில் வெப்பமானி 500 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்ட வேண்டும்.

250-லேயே நின்றுவிட்டால் உடனே பழுது என்று முடிவு கட்டாதீர்கள். இங்கே ரெகுலேட்டரில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது. நாப் திறந்திருக்கும்போது டேங்கை வேகமாகத் திறந்தால், எங்கோ ஹோஸ் அறுந்து கேஸ் பாய்கிறது என்று அது எடுத்துக்கொண்டு ஓட்டத்தைச் சுருக்கிவிடும். தீ எரியும், ஆனால் சூடு ஏறாது. எல்லாவற்றையும் மூடி, டேங்கைக் கழற்றி, சில நிமிடம் விட்டு மறுபடி மாட்டி, நாப்கள் மூடிய நிலையில் டேங்கை மெல்லத் திறந்தால் பழையபடி ஓடும். பாதிப் பேர் "சூடே ஏறவில்லை" என்று கிரில்லை விற்பதற்கு இதுதான் காரணம் என்பது என் அனுபவம். விற்பவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு விலை பேசுவதைத்தான் நான் நேர்மை என்று நினைக்கிறேன். இரண்டு தடவை அப்படிச் சொன்னதும் விற்கவில்லை என்று வைத்துக்கொண்டார்கள், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

கிரில்லோடு டேங்கும் தருகிறேன் என்றால், டேங்கின் கழுத்து வளையத்தில் பொறித்திருக்கும் மாதத்தையும் வருடத்தையும் பாருங்கள். செய்த தேதியிலிருந்து 12 வருடம் ஆகியிருந்தால், மறுபரிசோதனை செய்யாமல் நிரப்பித் தர மாட்டார்கள். வால்வின் கைப்பிடி முக்கோணமாக இருக்க வேண்டும். அது அளவுக்கு மேல் நிரம்பாமல் தடுக்கும் வால்வின் அடையாளம். வட்டக் கைப்பிடி உள்ள பழைய டேங்குகளை 2002-லிருந்து நிரப்புவதில்லை. காலாவதியானது கிடைத்தாலும் தூக்கி எறிய வேண்டாம். பெட்ரோல் பங்கிலும் பெரிய கடைகளிலும் காலி டேங்குக்கு நிறைந்த டேங்க் மாற்றித் தரும் இடங்களில் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.

இனிப் பணக் கணக்கு. போன கோடையில் ஒரு நண்பருக்காக இதே சில்வர் பி-யைச் சரிசெய்தேன். அப்போது ஆன செலவு: பர்னர் செட் 45 டாலர், ஸ்டெயின்லெஸ் தகடுகள் 40, கம்பித்தட்டு 65, ரெகுலேட்டரோடு ஹோஸ் 30, ஸ்க்ரூ, அலுமினியத் தட்டு, கிளீனர் என்று இன்னொரு 20. மொத்தம் 200. உங்கள் 80-ஐச் சேர்த்தால் 280. இதை அந்த 250 டாலர் கிரில்லோடு ஒப்பிட்டால் நஷ்டம் போலத் தெரியும். நான் ஒப்பிடுவது 550 டாலர் கிரில்லோடுதான், ஏனென்றால் பெட்டியின் கனத்திலும் ஆயுளிலும் அதுதான் இதற்கு இணை. வாங்கிய விலையும் சாமான் விலையும் சேர்ந்து, அதே தரத்துப் புது கிரில் விலையில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறேன். 280 அந்தப் பாதியான 275-க்கு ஐந்து டாலர் மேலே நிற்கிறது. அதனால் 60-க்குக் கேளுங்கள். ஓட்டை பர்னரைக் காட்டினாலே இறங்கி வருவார்.

கம்பித்தட்டு வார்ப்பிரும்பாக இருந்து, பூச்சு பெரிதாக உடையாமல் இருந்தால் அந்த 65 டாலரையும் மிச்சம் பிடிக்கலாம். துருவைச் சுரண்டி, கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவிச் சூடேற்றி, மறுபடி எண்ணெய் தடவி என்று இரண்டு மூன்று தடவை செய்தால் போதும். தோசைக்கல் பழக்கத் தெரிந்த வீட்டில் இதற்குப் பாடம் தேவையில்லை. ஹோஸிலும் ரெகுலேட்டரிலும் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஊரில் சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் சுரக்ஷா குழாயை ஐந்து வருடத்தில் மாற்றச் சொல்வார்கள், இது இருபது வருடம் வெயிலிலும் பனியிலும் கிடந்த ரப்பர்.

பணத்தைவிட நேரத்தைப் பற்றித்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். சுத்தம் செய்ய ஒரு சனிக்கிழமை முழுக்கப் போகும், பூட்ட ஞாயிறு பாதி. கை, நகம், சட்டை எல்லாம் கரி. இந்த மாதிரி வேலை பிடிக்கும் என்றால் அந்த இரண்டு நாளும் சந்தோஷமாகப் போகும். பிடிக்காது என்றால், சொல்லிவிடுகிறேன், புதிதாகவே வாங்குங்கள். பாதி பிரித்த கிரில் கராஜில் ஒரு வருடம் கிடப்பதை நிறைய வீடுகளில் பார்த்துவிட்டேன்.

சுத்தம் செய்வதில் ஒரு எச்சரிக்கை. சமையலறை ஓவனுக்குப் போடும் காரமான கிளீனர்கள் பலவற்றில் காஸ்டிக் சோடா இருக்கும். அது அலுமினியத்தைத் தின்றுவிடும். பெட்டிக்கு அதைப் போடவே கூடாது. சுவருக்குப் பட்டி பார்க்கும் பிளாஸ்டிக் தகடு ஒன்று வாங்கி, காய்ந்த கரியை முதலில் சுரண்டி எடுங்கள். என் நண்பரின் கிரில்லில் இருந்து ஒரு பிளாஸ்டிக் பக்கெட் நிறைய எடுத்தேன். அப்புறம் சுடுதண்ணீர், பாத்திர சோப்பு, நைலான் ஸ்க்ரப்பர். கீழே இழுத்து எடுக்கும் கொழுப்புத் தட்டை மறக்க வேண்டாம், அங்கே சேர்ந்த கொழுப்பு தீப்பிடிக்கும். எலி கூடு கட்டியிருந்தால் உலர்ந்தபடியே பெருக்காதீர்கள். மாஸ்க் போட்டு, ப்ளீச் கலந்த தண்ணீர் தெளித்து ஊறவிட்டு அள்ளுங்கள். பிரஷ் விஷயத்திலும் கவனம். மெல்லிய கம்பி பிரஷ்ஷிலிருந்து உதிரும் கம்பி இறைச்சியில் ஒட்டி, விழுங்கியவர்களுக்கு அறுவை சிகிச்சை வரை போன சம்பவங்களை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-ல் வெளியிட்டது. நான் கம்பி பிரஷ்ஷை வீட்டில் வைத்துக்கொள்வதில்லை.

புது பர்னர் பூட்டும்போது, குழாயின் வாய் வால்வ் முனையை முழுதாக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஒரு சின்னக் கம்பிவலை இருக்கும். அது சிலந்தி உள்ளே போகாமல் தடுப்பதற்கு. பர்னர் குழாய் மாதிரி இருட்டான, குறுகலான இடம் சிலந்திக்கு மிகவும் பிடிக்கும். 2011-ல் மாஸ்டா நிறுவனம் எரிபொருள் ஆவிக் குழாயில் மஞ்சள் சிலந்தி கூடு கட்டுகிறது என்று சுமார் 65,000 கார்களைத் திரும்ப அழைத்தது. கிரில்லில் கூடு கட்டினால் கேஸ் முன்னே போக வழியில்லாமல் பின்னால் வந்து நாபுக்கு அடியில் எரியும். எனக்கு ஒரு தடவை அப்படி ஆகியிருக்கிறது. நாபுக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு நீலக் கோடு தெரிந்தது, பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது, டேங்கை மூடிவிட்டேன். குழாயைக் கழற்றிப் பார்த்தால் பஞ்சு மாதிரி ஒரு சின்ன உருண்டை. ஒவ்வொரு வருடமும் கோடையில் முதல் முறை பற்றவைக்கும் முன், நீளமான பாட்டில் பிரஷ்ஷால் குழாயைத் துடைத்துவிடுங்கள். சோப்புத் தண்ணீர்ச் சோதனையையும் அன்றே செய்துவிடலாம்.

டெக்கில் வைக்கும் இடத்தையும் இப்போதே யோசித்துவிடுங்கள். எரியக்கூடிய எதிலிருந்தும் குறைந்தது 2 அடி தள்ளி இருக்க வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் சுவருக்கு வெளியே பெரும்பாலும் வினைல் சைடிங் என்ற பிளாஸ்டிக் பலகைதான், அது தீப்பிடிப்பதற்கு வெகு முன்பே மெழுகு மாதிரி நெளிந்துவிடும். நான் 4 அடி விடுவேன். மேலே கூரை நீட்டிக்கொண்டிருக்கும் இடமும் கூடாது.

ஆகவே இந்த வாரமே போய்ப் பாருங்கள், ஏப்ரல் தாண்டினால் இந்த மாடல்கள் நிற்காது. அடிக்குழாயில் ஸ்க்ரூடிரைவர் இறங்கினால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். இறங்கவில்லை, வால்வில் நுரை பொங்கவில்லை என்றால் 60-க்குக் கேட்டு, 80 என்றாலும் வாங்கிவிடுங்கள், என் வரம்பைவிட ஐந்து டாலர்தான் கூட. ஏற்றிவரும்போது டேங்கைக் கழற்றி, நிமிர்த்தி வைத்து, கார் கண்ணாடியை இறக்கிவிட்டு வாருங்கள். கம்பித்தட்டையும் தகடுகளையும் தனியே எடுத்து ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டால், மினிவேனில் கடைசி சீட்டை மடக்கி, கிரில்லைப் பழைய போர்வையில் படுக்கவைத்துக் கொண்டுவந்துவிடலாம். பூட்டி முடித்ததும் முதல் தடவை எதையும் மேலே வைக்காமல் இருபது நிமிடம் பெரிய தீயில் எரியவிடுங்கள். புது பர்னரிலும் தகட்டிலும் இருக்கும் எண்ணெய்ப் பூச்சு புகைந்து போகட்டும். புகை நின்ற பிறகு மசாலா தடவிய மீனை வைக்கலாம்.